அழகர் பார்த்த எகிப்து

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு அழகருக்குத் தொண்டை கட்டியாக வேண்டும். வெள்ளிக்கிழமையே கட்டிவிட்டால் இன்னும் விசேஷம்.

எல்லாம் அவர் மனைவி ரெங்கம்மா செய்த வேலை. தேயிலைக் கொழுந்து நிறுக்கும் இடத்துக்கு வந்த துரைசாணி, அதாவது தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் மனைவி, சீமையிலிருந்து ஒரு படப்பெட்டி கொண்டுவந்திருப்பதாகச் சொன்னாள். உலகத்து அதிசயக் கட்டடங்களை வெள்ளைத் துணியில் விழுத்திக் காட்டுமாம். "ஆனா, யாரு வெளக்கிச் சொல்றது?" என்று துரைசாணி தன் அரைகுறைத் தமிழில் இழுத்ததும், ரெங்கம்மா கூடையை இறக்கிவிட்டு முன்னால் வந்தாள்.

"எங்க வீட்டுக்காரரு அதெல்லாம் நேர்ல பார்த்தவருங்க."

யுத்த காலத்தில் பட்டாளத்தில் சேர்ந்து, நாலு வருஷம் எகிப்து, இத்தாலி, பாரிஸ் என்று சுற்றி வந்தவர் அழகர் என்பது தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயம் முழுக்கத் தெரிந்த சங்கதி. தெரியாத சங்கதி ஒன்றுதான். எகிப்துக்கு என்று மாலை போட்டு அனுப்பிவைக்கப்பட்ட அழகர், பக்கத்து மலையிலிருந்த தியத்தலாவைப் பட்டாள முகாமைத் தாண்டவேயில்லை. பாதம் தட்டை என்று சொல்லி அவரைக் கப்பலில் ஏற்றாமல், முகாமின் சமையலறையில் உட்காரவைத்துவிட்டார்கள். நாலு வருஷமும் உருளைக்கிழங்கு உரித்தார். உரித்த தோலையெல்லாம் ஓரிடத்தில் குவித்திருந்தால் நமுனுகுலை மலைக்கு ஒரு தம்பி பிறந்திருப்பான்.

அந்த நாலு வருஷத்தில் அவர் கண்ட ஒரே உலக அதிசயம் ரொட்டி. வியாழக்கிழமைதோறும் மரக்கறி லொறியில் வரும் லீக்ஸ் மூட்டைக்குள் தேங்காய் ரொட்டி இரண்டு, காரமான கட்டச்சம்பலோடு, வாழையிலையில் சுற்றியபடி இருக்கும். யார் தவறவிட்டதோ! யாரும் கேட்கவில்லை, அழகரும் சொல்லவில்லை.

ஊருக்குத் திரும்பிய நாளில், "எகிப்து எப்பிடிங்க?" என்று ரெங்கம்மா கேட்டாள். "வெயில்தான்" என்றார். ஆரம்பம் அவ்வளவுதான். எட்டு வருஷத்தில் அது வளர்ந்து பாரிஸ் வரைக்கும் போய்விட்டது. தண்ணீர் பிடிக்கும் பீலியடியில், "ஒலகம் சுத்துனவரு பொஞ்சாதி வர்றா" என்று பெண்கள் வழிவிடும்போது ரெங்கம்மாவின் தலை ஓர் அங்குலம் உயரும். அந்த அங்குலம் போய்விடக் கூடாது. அழகருக்கு இருந்த பயமெல்லாம் அதுதான்.

ஆகவே வெள்ளிக்கிழமை கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, கையால் பேச ஆரம்பித்தார். ரெங்கம்மா ஒரு கைப்பிடி மிளகு போட்டு மல்லித்தண்ணி காய்ச்சிக் கொடுத்தாள். முதல் வாயிலேயே அழகர் போட்ட சத்தத்தில் அடுத்த லயத்துச் சேவல் கூரையை விட்டு இறங்கிவிட்டது.

"தொண்டை தெறந்திருச்சு!" என்று ரெங்கம்மா குதித்தாள். செய்தி துரை பங்களாவுக்குப் போயிற்று. துரைசாணி மகிழ்ந்துபோய்ப் பக்கத்துத் தோட்டங்கள் இரண்டுக்கும் ஆள் அனுப்பிவிட்டாள்.

சனிக்கிழமை அழகர் பங்களாவின் பின்பக்கமாகப் போய்ச் சமையல்கார இராமையாவைப் பிடித்தார்.

"படமெல்லாம் எந்த வரிசையில இருக்குண்ணு பார்த்தியா?"

"மொதல்ல எகிப்து சமாதி, அப்புறம் சாஞ்ச கோபுரம், அப்புறம் பாரிஸ் இரும்புக் கோபுரம், கடைசியில தாஜ்மகால். தொரசாணி சொல்லச் சொல்ல நான்தான் தொடைச்சு வச்சேன். எதுக்கண்ணே?"

"சரியா எடுத்திருக்காங்களாண்ணு பார்க்கத்தான்."

இராமையா இதைப் தோட்டத்து ஆபீஸ் பெரிய கிளாக்கர் இளையதம்பியிடம் பயபக்தியோடு சொல்லிவிட்டான். யாழ்ப்பாணத்து மனிதர், அவரிடம் உலகக் கட்டடங்களைப் பற்றித் தடித்த புத்தகம் ஒன்று இருந்தது. "படத்திலே பிழை பிடிக்கிற அளவுக்கு வந்திட்டாரோ? பார்ப்பம்" என்று புத்தகத்தைத் தூசி தட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை படப்பெட்டியைப் பங்களாவிலிருந்து ஏற்றி வந்தது பசறை றவூப் நானாவின் லொறி. யுத்த காலத்தில் முகாமுக்கு மரக்கறி ஏற்றியதும் அதே லொறிதான். தோட்டத்துக்கும் சாமான் கொண்டுவரும் நானா தன்னைக் கண்டுகொள்வார் என்று, லொறி வரும்போதெல்லாம் அழகர் உருளைக்கிழங்கு மூட்டைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வார். இன்றைக்கு ஒளிய மூட்டை இல்லை. போதாததற்கு, வழியில் லொறி ஒரு குழியில் விழுந்து, கண்ணாடிப் படங்களெல்லாம் சிதறி, றவூப் நானா கைக்கு வந்தபடி அடுக்கிக் கொண்டுவந்திருந்தார்.

தொழிற்சாலையின் கொழுந்து வாட்டும் மாடியில் ஜன்னல்களுக்குச் சாக்குக் கட்டி இருட்டாக்கியிருந்தார்கள். முன்வரிசையில் ரெங்கம்மா, கலியாணப் புடவையில்.

அழகர் துணிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். நேரில் பார்த்தவன் படத்தைத் திரும்பிப் பார்க்கலாமா?

"இது எகிப்து ராசாவோட சமாதி. அடி அகலம், நுனி கூர். எங்கிட்டுத் தள்ளினாலும் அசையாது."

"அழகர், ஒருக்கால் திரும்பிப் பாரும்" என்றார் இளையதம்பி. "உது இத்தாலியிலை இருக்கிற சாய்ஞ்ச கோபுரம்."

அழகர் திரும்பினார். கோபுரம் சாய்ந்துதான் இருந்தது. அவர் வாய் திறக்குமுன் ரெங்கம்மா எழுந்துவிட்டாள்.

"இவரு பார்த்தப்ப நேராத்தான் இருந்திருக்கும், கிளாக்கரய்யா. சண்டையில எத்தனை குண்டு போட்டாங்க!"

கூட்டம் ஆமோதித்தது. அடுத்த படத்தில் பாரிஸ் இரும்புக் கோபுரம் தலைகீழாக வந்தது. துரைசாணி அவசரத்தில் மாட்டிவிட்டாள்.

"இதுக்கு என்ன சொல்லுறீர்?" என்றார் கிளாக்கர்.

அழகர் நன்றாக யோசித்தார். "காத்துக் காலத்துல இப்பிடித் திருப்பி வச்சிருவாங்கய்யா."

மூன்றாவதாகத் தாஜ்மகால் வந்தது. அதை அவர் கடை நாட்காட்டியில் பார்த்திருக்கிறார். ஆனால் படத்தை விட்டுவிட்டு முன்வரிசையில் இருந்த ரெங்கம்மாவைப் பார்த்தார்.

"பொஞ்சாதி செத்தப்புறம் ராசா கட்டினது" என்றார் மெதுவாக. "உசுரோட இருக்கையில அந்தம்மாவை எத்தனை வருசம் காக்க வச்சாரோ, என்னென்ன பொய் சொன்னாரோ. இம்புட்டுப் பளிங்கு வேண்டியிருந்திருக்கு."

பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். இளையதம்பி மட்டும் விடவில்லை.

"அதெல்லாம் சரி. நீர் எந்தக் கப்பலிலை போனனீர்?"

அழகரின் கை கழுத்தில் இல்லாத துண்டைத் தேடியது.

"சண்டைக்குப் போனவரு கப்பல் பேரை எழுத்துக்கூட்டிக்கிட்டா நிப்பாரு?" என்றாள் ரெங்கம்மா. மாடி அதிரச் சிரித்தார்கள். இளையதம்பி புத்தகத்தை மூடினார். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எகிப்து சமாதி கடைசியாக வந்தபோது யாரும் எதுவும் கேட்கவில்லை.

கூட்டம் கலைந்தது. பெண்கள் சூழ, ரெங்கம்மா தலையை ஓர் அங்குலம் உயர்த்திக்கொண்டு படியிறங்கினாள். அழகர் அதைப் பார்த்தார். கீழே லொறியில் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்த றவூப் நானாவிடம் ஓடினார்.

"நானா, உங்க காலைப் புடிக்கிறேன். நான் தியத்தலாவையில இருந்தது உங்களுக்குத் தெரிஞ்சிருந்தா, ரெங்கம்மாகிட்ட மட்டும் சொல்லிராதீங்க."

றவூப் நானா கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார்.

"மூட்டைக்குப் பின்னால தலைய ஒளிச்சீங்க. அந்தத் தட்டைப் பாதம் ரெண்டும் வெளியிலதானே இருந்திச்சு? மொதல் வாரமே கண்டு, அவகிட்டச் சொல்லிட்டேன்."

அழகர் குனிந்து தன் பாதங்களைப் பார்த்தார். "அவ... என்ன சொன்னா?"

"ரெண்டு ரொட்டியை எலையில சுத்தித் தந்தா. 'அவரு எகிப்துலயே இருக்கட்டும் நானா, பசியோட மட்டும் இருக்க வேணாம்' எண்டா."