தில்லை மரத்தடியில் முறை பிடித்த கதை

தேவநாதன் என்ற பெயரை நான் முதன்முதலாகக் கேட்டது 2009 தை மாதத்தில், நெல்லிக்குப்பத்தில், என் தம்பி கண்ணாயிரம் வீட்டுச் சமையலறையில். தம்பி மகள் வெண்மதிக்குச் சிதம்பரத்திலிருந்து வந்திருக்கிற வரன் என்றார்கள். வேறு யாராவது இருந்தால் என்ன படிப்பு, என்ன வேலை, குடி கிடி உண்டா என்று கேட்டிருப்பார்கள். நான் கேட்டது ஒன்றே ஒன்று: "யார் வூட்டுப் புள்ள?"

கேள்வியிலேயே ஆளைக் கண்டுபிடித்திருப்பீர்கள். முறை பிடிக்கிறவர்கள் என்று ஒரு இனம் உண்டு. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் ஊர் கேட்டு, தெரு கேட்டு, அப்பா பேர் கேட்டு, அப்பாவைப் பெற்றவர் பேர் கேட்டு, பண்ருட்டி வருவதற்குள் அவரைச் சித்தப்பா ஆக்கி, இறங்குகிறபோது பேரப்பிள்ளை காதுகுத்துக்கு வரச் சொல்லி வாக்கும் வாங்கிவிடுவார்கள். ஊசி போட வந்த நர்ஸம்மாவுக்கு மாமியார் வீடு எது என்று தெரிந்தால்தான் கையை நீட்டுவார்கள். எனக்கு மூன்றாம் வகுப்புக்கு மேல் படிப்பில்லை, வாய்ப்பாடும் வராது. ஆனால் எந்த வீட்டுக் கொடியையும் நாலு தலைமுறை இழுத்துக்கொண்டு போவேன். அறுந்தால்தான் விடுவேன்.

அறுந்ததெல்லாம் வெண்மதியின் வரன்கள். முதலில் வந்த மாப்பிள்ளை அவளுக்குச் சித்தப்பா முறை என்று கண்டுபிடித்தேன். இரண்டாவது வந்தவன் அண்ணன் முறை. பஜ்ஜி ஆறுவதற்குள் கண்டுபிடித்தேன். வந்தவர்களெல்லாம் என் ஞாபகத்தைப் புகழ்ந்துவிட்டுப் போனார்கள். வெண்மதிக்கு இருபத்தேழு முடிந்தது.

இந்தத் தேவநாதன் சொஜ்ஜி, பஜ்ஜி வேண்டாம் என்று சொல்லிவிட்டான். கடலூர் பக்கம் ஆற்று முகத்துவாரத்தில் பழைய துரை பங்களா ஒன்று இருக்கிறதே, தோப்புக்குள் நடைபாதை போட்டு டிக்கெட் வைத்திருக்கிறார்களே, அங்கே இரண்டு குடும்பமும் நடந்துகொண்டே பேசலாம் என்றான். வேனில் ஏறுமுன் தம்பி பெண்டாட்டி எழிலரசி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அண்ணி, அவளுக்கு இந்தப் புள்ளய ரொம்பப் புடிச்சிருக்குது. ஒரு மாசமா போன்ல பேசிக்கிறாங்க. இதுவும் போச்சுன்னா இனிமே கல்யாணமே வாணாம்னு சொல்லிட்டா. நீங்க வாயத் தொறக்காதீங்க. மரத்தப் பாருங்க."

"நான் இன்னா பண்ணப் போறேன்?"

"மரத்தப் பாருங்க."

சரி என்று கையில் அடித்துக் கொடுத்தேன்.

பங்களா பெரிசுதான். நாலு ஆள் சேர்ந்து கட்டிப்பிடிக்கிற தூண், தேக்கு மாடிப்படி, சுவரில் துரையும் துரைசாணியும் நிற்கிற படம். சுற்றிக் காட்டுகிற பையன் எந்த வருஷம் எது கட்டினது என்று சொல்லிக்கொண்டே வந்தான், எல்லாரும் தலையை அண்ணாந்து கேட்டார்கள். எனக்கு ஒரே ஒரு சந்தேகம்.

"அந்தம்மா துரைக்குச் சொந்தத்துல வந்தவங்களா, அசலா?"

"அதெல்லாம் எழுதி இல்லம்மா."

"எழுதி இல்லையா? அப்புறம் இன்னா சரித்திரம்? உன் பேரு இன்னா தம்பி?"

"ஆரோக்கிய ஜெகன்."

"கடலூர் பழைய டவுன் சந்தியாகு பேரனா? மூக்கு சொல்லுது."

அவன் அசந்துபோய் நின்றான். எழிலரசி இருமினாள். பையன் மாப்பிள்ளை வீட்டு ஆள் இல்லையே, வாக்கு மீறியதாக ஆகாது என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். எங்கள் இனத்துக்கு இதெல்லாம் சகஜம்.

தோப்புக்குள் போனோம். முன்னால் தேவநாதனும் வெண்மதியும் போனார்கள். அவன் ஏதோ சொல்ல, அவள் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. நடுவில் நானும் மாப்பிள்ளையின் அம்மா தில்லையம்மாளும். பின்னால் என் தம்பியும் எழிலரசியும் மாப்பிள்ளையின் அப்பா சின்னையனும். சின்னையன் பேசாத மனிதர். சர்க்கரைக்கு நல்லது என்று கையை வீசி நடந்தார். புன்னைக்கு ஒரு பலகை, முந்திரிக்கு ஒரு பலகை, தாழைக்கு ஒரு பலகை. எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டு, வாயைக் கட்டிக்கொண்டு, ஏழு பலகை தாண்டினேன். என் ஆயுசில் அது சாதனை.

எட்டாவது பலகை தில்லை மரம்.

"இதத் தொடாதீங்க. பால் பட்டா கண்ணுக்கு ஆகாது" என்றான் ஜெகன்.

தில்லையம்மாள் நின்றுவிட்டாள். "எனக்குப் பேரு வெச்ச மரம்க்கா இது. பொழைக்கப் போன ஊர்ல மொதமொதல்ல இந்த மரத்ததான் பாத்தேன்னு எங்கப்பா சொல்வாரு. அவுரு சிதம்பரத்துக்காரரு இல்ல. திருவதிகை."

"அண்ணி, மரம்" என்றாள் பின்னாலிருந்து எழிலரசி.

மரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணுக்கு மரம், வாய்க்கு என்ன தடை?

"உங்கப்பா பேரு?"

"காத்தவராயன்."

"தோள்ல மாடு முட்டுன தழும்பு இருக்குமே?"

"ஆமாக்கா. உங்களுக்கு எப்படி?"

"அடிப் பாவி, அவுரு எங்கம்மாவுக்குப் பெரியப்பா மகன். எங்களுக்கு மாமன். எங்கியோ பொழைக்கப் போனாருன்னு எங்கம்மா சாகற வரைக்கும் சொல்லிச்சு. அப்ப நீ மாமன் மகளா? எங்க கண்ணாயிரத்துக்கு முறைப்பொண்ணாச்சே நீ. உன்னையே கட்டியிருக்கலாம்."

கட்டிப்பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் அழுதோம். பாதி அழுகையில் தில்லையம்மாள் கையை எடுத்தாள்.

"நான் அவுருக்கு முறைப்பொண்ணுன்னா, என் புள்ள அவுருக்கு மகன் முறை."

"ஆமா" என்றேன். சொன்ன பிறகுதான் கேட்டது.

"அப்ப வெண்மதி?"

முன்னால் போன இரண்டு பேரும் அண்ணனும் தங்கையுமாகத் திரும்பி வந்தார்கள். வெண்மதி என் முகத்தைப் பார்த்தாள். "அத்தை" என்றாள். அவளுக்கு என் முகம் பழக்கம்.

"தெரியாம பண்ணா பரவால்ல. தெரிஞ்ச பொறவு முறை தப்பிப் பண்ணா குடும்பத்துக்கு ஆகாது" என்று சொல்லிவிட்டுத் தில்லையம்மாள் பங்களாவைப் பார்த்துத் திரும்பி நடக்க ஆரம்பித்தாள். தேவநாதன் "அம்மா, அம்மா" என்று பின்னாலேயே போனான். எழிலரசி என்னைத் திட்டக்கூட இல்லை. அந்தத் தில்லைப் பாலை என் வாயில் ஊற்றியிருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன்.

முள்ளை முள்ளால்தானே எடுக்க வேண்டும்? சின்னையனைப் பிடித்தேன்.

"உங்களப் பெத்தவருக்கு எந்த ஊரு?"

"பண்ருட்டி."

"அவுரோட அம்மா?"

"அமிர்தம்."

"பலாப்பழ மண்டித் தெருவா?"

"ஆமா."

"தில்லையம்மா, நில்லு. அமிர்தமும் எங்கம்மாவப் பெத்த ஆயாவும் அக்கா தங்கச்சி. அப்ப இவுங்கப்பா எங்கம்மாவுக்குத் தம்பி. இவுரு எங்களுக்கு மாமன் மகன், கண்ணாயிரத்துக்கு மச்சான். மச்சான் புள்ள மருமகன்தான? அப்பன் வழிதான் பெரிசு. தாராளமாக் கட்டலாம்."

மூச்சு வாங்கியது. சின்னையன் விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தார். அன்றைக்கு அவர் நீளமாகப் பேசியது அப்போதுதான்.

"இருங்க. எங்கப்பா உங்கம்மாவுக்குத் தம்பி. எம்மாமனாரு உங்கம்மாவுக்கு அண்ணன். அப்ப அவுங்க ரெண்டு பேரும் அண்ணன் தம்பி. அப்ப இவ எனக்குத் தங்கச்சி."

அதை நான் யோசிக்கவில்லை.

"முப்பத்தொரு வருஷம் லேட்டா வந்திருக்கீங்கம்மா" என்றார்.

தில்லையம்மாள் புருஷனை மேலும் கீழும் பார்த்தாள். "அண்ணன்னா பொங்கலுக்கு ஒரு சீலையாவது எடுத்துக் குடுத்திருக்கணும்" என்றாள். சொல்லும்போதே உதடு கோணியது. சிரிப்பு வெண்மதியிடம் தொற்றி, தேவநாதனிடம் தொற்றி, ஜெகன் மரத்துக்குப் பின்னால் போய்ச் சிரித்தான்.

சின்னையன் என் தம்பியின் தோளில் கைபோட்டார். "காபி எங்க கெடைக்கும், மச்சான்?"

அந்த ஒரு வார்த்தையில் கல்யாணம் நிச்சயமாயிற்று. அந்தப் பண்ருட்டிக் கிழவிகள் நிஜமாகவே அக்கா தங்கைதானா என்று கேட்கிறீர்களா? ஒரே தெரு. அது நிச்சயம்.

ஆவணியில் கல்யாணம். யாரோடும் பேச முடியாதபடி என் நாற்காலியை மேளக்காரர் பக்கத்தில் போட்டாள் எழிலரசி. தவில்காரருக்குத் திருவாமூர். அவருடைய மாமனாரை எனக்குத் தெரியும்.

நீங்கள் சிரிக்கலாம். ஆனால் ஒன்று கேட்கிறேன். காத்தவராயன் என்று படித்தபோது, திருவதிகையில் எந்தக் காத்தவராயன், நம் சின்னம்மா வீட்டுக்குப் பக்கத்து வீடாக இருக்குமோ என்று மனசுக்குள் ஒரு கோடு இழுத்தீர்களா? இழுத்திருந்தால், அடுத்த முறை உங்களை யாராவது மரம் பார்க்க அழைத்துப் போகிறபோது, எதற்காக மரத்தைப் பார்க்கச் சொல்கிறார்கள் என்று கொஞ்சம் யோசியுங்கள்.

தேவநாதன் இப்போது சிதம்பரத்தில், கனகசபை நகரில், வெண்மதியோடும் இரண்டு வயது மகளோடும் மாடி வீட்டில் குடியிருக்கிறான்.