ஸ்ரீரங்கம் போக மறுத்த முன்சக்கரங்கள்

பகல் கனவு காண்கிறவர்கள் கையில் ஸ்பானர் கொடுக்கக்கூடாது. கனவு மட்டும் காண்கிறவர்களால் யாருக்கும் தொந்தரவு இல்லை. ஸ்பானர் மட்டும் வைத்திருக்கிறவர்களால் ஊருக்கு நன்மை. இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சாட்சியாகத் தொட்டியத்தில் ஒரு ஜீப் நின்றுகொண்டிருக்கிறது.

ஜீப் என் பெரியப்பாவுடையது. காவிரிப் படுகையில் அவருக்கு வாழைத்தோட்டம். உரமூட்டை, வாழைக்கன்று, பெரியம்மா எல்லாம் அதில்தான் போய் வரும். நான் திருச்சி எடமலைப்பட்டி புதூர்க்காரி. ஆனால் தூக்கத்தில் எனக்கு வரும் ஆறு, மலை, பாலைவனம் அத்தனையையும் அந்த ஜீப்தான் கடந்து போகும். ஓட்டுவது நான். (கனவில் எனக்குக் கூலிங்கிளாஸ் உண்டு. முகத்துக்குப் பொருந்தவும் செய்யும்.)

மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்து, வீட்டு மாடியில் லேப்டாப்போடு எங்கோ இருக்கும் கம்பெனிக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் பெரியப்பா போனில் சாதாரணமாகச் சொன்னார்.

"ஜீப்பை குடுத்துடலாம்னு இருக்கேம்மா மது. தில்லை நகர்ல ஒரு பல் டாக்டர் கேக்கறாரு. லீவு நாள்ல மலை ஏறணுமாம்."

எனக்கு மாடியே ஒரு பக்கம் சாய்ந்தது. "எதுக்கு பெரியப்பா விக்கறீங்க?"

"பின்ன? முன்சக்கரம் இழுத்து எத்தனை காலம் ஆச்சு. படுகையில மணலைக் கண்டா படுத்துக்குது. எனக்கும் தள்ள முடியல."

"முன் ஆக்ஸிலை நான் மாத்தித் தரேன்."

"நீ கம்ப்யூட்டர்ல படம் வரையற பிள்ளைம்மா."

"ஆக்ஸில் படம்தான் பெரியப்பா வரையறேன்." (அந்த வாரம் நான் வரைந்துகொண்டிருந்தது மிக்ஸி ஜாரின் மூடி.)

அவர் பேரம் போலச் சொன்னார். "சரி. இந்தத் தடவை முதல் தாரை இதே ஜீப்புல ஏத்தி, மணலைத் தாண்டி, ஸ்ரீரங்கம் கொண்டுபோய்ச் சேர்த்துடு. ஜீப்பு உனக்கு. நடுவுல நின்னுச்சுன்னா டாக்டருக்கு."

எங்கள் குடும்பத்தில் ஒவ்வொரு வெட்டுக்கும் முதல் வாழைத்தார் ஸ்ரீரங்கம் பெருமாளுக்கு. மரத்திலிருந்து வெட்டியதிலிருந்து ஸ்ரீரங்கத்தில் கொடுக்கும்வரை அந்தத் தார் தரையில் படக்கூடாது. மடியிலோ தோளிலோதான் போகவேண்டும். அதைச் சுமக்கும் வண்டி எவ்வளவு பொறுப்பானதாக இருக்கவேண்டும் என்று நினைத்துப் பாருங்கள். நான் நினைத்துப் பார்க்கவில்லை. சம்மதித்துவிட்டேன்.

ஜீப்பைப் புதூருக்கு ஓட்டிவந்து, மதுரை ரோட்டில் ஜாகீர் அண்ணனின் வெல்டிங் பட்டறையில் நிறுத்தினோம். ஜாகீர் அண்ணன் என் ஒன்பதாம் வகுப்பு அறிவியல் கண்காட்சிக்குக் காற்றாலை செய்து கொடுத்தவர். அந்தக் காற்றாலை, பரிசு கொடுக்க வந்த விருந்தினரின் காலில் விழுந்தது. ஆசி வாங்குகிறது என்று டீச்சர் சமாளித்தார். அன்றிலிருந்து அண்ணனுக்கு என்மேல் ஒரு மரியாதை.

முன் அச்சு என்பது இரண்டு முன்சக்கரங்களையும் இணைக்கிற கனத்த இரும்புக் குழாய். அதில் ஒரு பக்கமாக ஓர் இடம் மட்டும் குடம் போல உப்பியிருக்கும். என்ஜின் பக்கமிருந்து நீண்டு வரும் தண்டு அந்தக் குடத்துக்குள் நுழைந்து, பல்சக்கரங்கள் வழியாக முன்சக்கரங்களைச் சுற்றும். பழைய இரும்புக்கடையில் நான் கண்டுபிடித்த அச்சு ஏதோ பெரிய வண்டியுடையது. யானைக்கால் மாதிரி உறுதி. பார்த்ததும் காதல். ஒரே ஒரு சின்னக் குறை: எங்கள் ஜீப்பில் தண்டு வலப்பக்கம் வருகிறது, இந்த அச்சில் குடம் இடப்பக்கம் இருந்தது.

"இது கட்டாது பாப்பா," என்றார் ஜாகீர் அண்ணன்.

நான் ஜீப்பின் அடியில் மல்லாந்து படுத்தேன். பட்டறைக் கூரைத் தகரத்தின் ஓட்டைகள் வழியாக வெயில் வட்டம் வட்டமாக இறங்கிக்கொண்டிருந்தது. வெல்டிங் புகை அந்த வெளிச்சத்தில் மெல்ல நீந்தியது. எங்கோ ரேடியோ, எங்கோ பஸ் ஹாரன். கண் பாதி மூடியது. அந்த அரைத்தூக்கத்தில் அச்சு தானாக எழுந்து, காற்றில் மிதந்து, ஒருமுறை புரண்டு தலைகீழாகப் படுத்துக்கொண்டது. குடம் வலப்பக்கம் வந்துவிட்டது.

எழுந்தேன். வண்டியின் அடியில் இருப்பதை மறந்து எழுந்ததால் நெற்றி இடித்தது. பெரிய கண்டுபிடிப்புகள் இப்படித்தான் நிகழும் என்று அப்போது பெருமையாக இருந்தது.

"அண்ணே, தலைகீழா திருப்பிப் போட்டுட்டா?"

ஜாகீர் அண்ணன் கையிலிருந்த டீ கிளாஸைக் கவிழ்த்துப் பார்த்தார். நிமிர்த்திப் பார்த்தார். "அட, ஆமால்ல."

"சக்கரம் மாட்டற முனை ரெண்டையும் வெட்டி நிமிர்த்தணும். அவ்வளவுதான்."

"நீங்க கோடு போடுங்க பாப்பா. கோட்டுல வெட்டறது என் பொறுப்பு."

கோடு போட்டேன். அவர் வெட்டினார். முனைகளை நிமிர்த்திப் பற்றவைத்தோம், ஸ்பிரிங் அமர இருக்கை வைத்தோம், ஸ்டியரிங் கம்பியை நீட்டினோம். எல்லாம் முடிந்து எண்ணெய் விடும்போது ஜாகீர் அண்ணன் அடியில் படுத்தபடி சொன்னார்.

"பாப்பா, எண்ணெய் ஊத்தற ஓட்டை கீழ போயிடுச்சு."

"வடிக்கற ஓட்டை மேல வந்திருக்கும் பாருங்க. அது வழியா ஊத்துங்க."

"அதுவும் சரிதான்."

(இந்த இடத்தில் எங்கள் இருவரில் ஒருவருக்காவது, இது தலைகீழாகப் போனால் வேறு என்னென்ன தலைகீழாகும் என்று தோன்றியிருக்கலாம். தோன்றவில்லை. இருவரும் டீ குடிக்கப் போனோம்.)

மதுரை ரோட்டில் ஓட்டிப் பார்த்தபோது ஜீப் அன்னம் போலப் போனது. "நாலு சக்கர இழுவையும் போட்டுப் பாத்துடுவமா?" என்றார் அண்ணன். தார் ரோட்டில் அதைப் போடக்கூடாது, பல்சக்கரம் தேயும், அது மணலுக்கும் சேற்றுக்கும் மட்டுமே என்று அவருக்கு நீண்ட விளக்கம் கொடுத்தேன். விளக்கம் முழுக்கச் சரி. அந்த முழு விவகாரத்திலும் நான் சரியாகச் சொன்னது அது ஒன்றுதான்.

வெட்டு நாள் காலை. காவிரியில் தண்ணீர் ஓரமாக ஒதுங்கிப் போய்க்கொண்டிருந்தது. பனி வாழை இலைகளில் சேர்ந்து சொட்டுச் சொட்டாக விழுந்தது. தோட்டம் முழுக்க யாரோ மெதுவாக விரல் சொடுக்குவது போல ஒரு சத்தம். பெரியப்பா முதல் பூவன் தாரை வெட்டி, தோளில் வாங்கி, அப்படியே முன்சீட்டில் ஏறி மடியில் வைத்துக்கொண்டார். குழந்தையை மொட்டையடிக்கக் கூட்டிப்போகும் தாய்மாமன் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"நீங்களும் ஏறுங்க பெரியம்மா."

"மணலைத் தாண்டு. கரை ரோட்டுல ஏறிக்கறேன்," என்றாள் பெரியம்மா. அவளுக்கு என்னைப் பிறந்ததிலிருந்தே தெரியும்.

கரை ரோட்டுக்கும் தோட்டத்துக்கும் நடுவில் வெள்ளம் போட்டுவிட்டுப் போன மணல்மேடு. நான் சட்டைப் பையிலிருந்து கூலிங்கிளாஸை எடுத்து மாட்டினேன். (வாங்கியிருந்தேன்.) நாலு சக்கர இழுவைக்கான கம்பியைத் தள்ளினேன். கிளட்ச்சை விட்டேன்.

கனவில் ஓடுவோமே, கால் ஓடும், இடம் மட்டும் நகராது, அப்படி இருந்தது. என்ஜின் முழங்கியது. ஜீப் உடம்பெல்லாம் நடுங்கியது. பெரியப்பாவும் தாரும் சேர்ந்து ஆடினார்கள். அங்கே தெரிந்த தென்னை அங்கேயே தெரிந்தது. பனி, ஆறு, மணல், எல்லாம் அசையாமல் எங்களையே பார்த்தன. ரிவர்ஸ் போட்டேன். அதே நடுக்கம், அதே தென்னை. ஒவ்வொரு முறையும் நாங்கள் முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. கீழே போனோம்.

ஓரமாக நின்றிருந்த பெரியம்மா சொன்னாள்: "ஏங்க, பின்னாடி சக்கரம் ஸ்ரீரங்கம் போகணும்குது. முன்னாடி சக்கரம் வீட்டுக்குப் போகணும்குது."

இறங்கிப் பார்த்தேன். முன்சக்கரங்கள் மணலை முன்பக்கமாக வாரி இறைத்திருந்தன. பின்சக்கரங்கள் பின்பக்கமாக.

சுவர்க் கடிகாரம் கண்ணாடியால் ஆனது என்று வையுங்கள். அதைப் பின்பக்கமிருந்து பார்த்தால் முள் எதிர்த் திசையில் சுற்றும். நான் அச்சைப் புரட்டியபோது நடந்தது அதேதான். தண்டு பழையபடிதான் சுற்றியது. ஆனால் குடத்துக்குள் பல்சக்கரம் மறுபக்கத்துக்குப் போய்விட்டதால், வண்டி முன்னே போகச் சொன்னால் முன்சக்கரங்கள் பின்னே போயின. எனக்கு இது புரிந்தபோது வண்டி அச்சுவரை புதைந்திருந்தது. கூலிங்கிளாஸைக் கழற்றிப் பையில் வைத்தேன்.

பெரியப்பா திட்டவில்லை. தாரைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு, "பஸ் எத்தனை மணிக்கு?" என்று மட்டும் கேட்டார்.

பஸ்ஸில் உட்கார இடமில்லை. கண்டக்டர், "தாரைக் கீழ வைங்க பெரியவரே," என்றார்.

"கீழ வைக்கக்கூடாது தம்பி. பெருமாளுக்கு."

அது போதுமாக இருந்தது. முதலில் ஓர் அம்மா வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அவர் முசிறியில் இறங்கும்போது ஒரு கல்லூரிப் பையனிடம் கொடுத்தார். குணசீலத்தில் அவனிடமிருந்து ஒரு போலீஸ்காரர். வலப்பக்கம் ஆற்றின் வெளிச்சம் கூடவே வந்துகொண்டிருக்க, தார் மடி மாறி மடி மாறி, ஊர் மாறி ஊர் மாறி மிதந்து போனது. தூங்கிக்கொண்டே பார்க்கிற காட்சி மாதிரி அவ்வளவு அழகு. ஒன்றே ஒன்றுதான் என்னைத் தூங்கவிடவில்லை. ஒவ்வொரு புது மடியும், "ஏன் பஸ்ல கொண்டுவரீங்க?" என்று கேட்டது. பெரியப்பா ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொன்னார்.

"ஜீப்பு இருக்குங்க. பின்பாதி கிளம்பிடுச்சு, முன்பாதி வரமாட்டேன்னுடுச்சு. இவதான் ரிப்பேர் பாத்தா. தம்பி பொண்ணு. இன்ஜினியர்."

முழு பஸ்ஸும் என்னைத் திரும்பிப் பார்த்தது. தலையில் கிரீஸ், முழங்கால்வரை மணல். போலீஸ்காரர் மட்டும் அனுதாபமாக, "எந்த காலேஜும்மா?" என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

டோல்கேட்டில் டவுன் பஸ் மாறி, ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதி வீட்டை அடைந்தோம். கோயில் கைங்கரியம் செய்கிற அந்த வீட்டு மாமாதான் எங்கள் தாரை வாங்கிச் சன்னிதிக்குச் சேர்ப்பவர்.

"வாங்கோ, வாங்கோ. நாழியாயிடுத்தேன்னு பார்த்துண்டிருந்தேன். அடடா, ஒரு பழம் கசங்கலையே. எல்லாம் பெருமாள் கிருபை."

"தாரை அவர் பாத்துக்கிட்டாரு சாமி," என்றார் பெரியப்பா. "முன்சக்கரத்தைத்தான் அவராலயும் ஒண்ணும் பண்ண முடியல."

திரும்பும்போது பஸ்ஸில் இடம் கிடைத்தது. பெரியப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "டாக்டரை ஞாயித்துக்கிழமை வரச் சொல்லிடறேன்," என்றார். நான் தலையாட்டினேன்.

பல் டாக்டர் தொப்பி, பூட்ஸ் எல்லாம் போட்டு வந்தார். டிராக்டர் கட்டி மணலிலிருந்து இழுத்த ஜீப்பைக் கழுவி நிறுத்தியிருந்தோம். கரை ரோட்டில் ஓட்டினார். முகமெல்லாம் சிரிப்பு. நான் ஒரு வாழைக்குப் பின்னால் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஃபோர் வீல் வேலை செய்யுதுங்களா?" என்றார்.

பெரியப்பா வாழ்க்கையில் பொய் சொல்லி வியாபாரம் செய்ததில்லை. "செய்யுதுங்க. முன்னாடி மட்டும் கொஞ்சம் பின்னாடி போகும்."

"கொஞ்சம்னா?"

"பின்சக்கரம் முன்னாடி போற வேகத்துக்கு முன்சக்கரம் பின்னாடி போகும்ங்க. அதான் நின்னுடுது."

டாக்டர் மணலில் ஒருமுறை முயன்று பார்த்தார். இறங்கினார். தொப்பியைக் கழற்றி வியர்வையைத் துடைத்தார். வாய்க்குள் எதையோ பார்த்துவிட்டு நோயாளியிடம் எப்படிச் சொல்வது என்று யோசிப்பவர் முகம். இளநீர் மட்டும் குடித்துவிட்டுத் தில்லை நகருக்குப் போனார். அவருக்குப் பிறகு வந்த இரண்டு பேரும் இளநீரோடு சரி.

இப்போதெல்லாம் எங்கள் வீட்டில் எந்த இருவர் ஒத்துப்போகவில்லையென்றாலும், "ஃபோர் வீல் போட்டுட்டாங்க" என்பார்கள். அம்மா சமயபுரம் என்றும் அப்பா மதுரை என்றும் சொன்னால் ஃபோர் வீல். என் அத்தை மகன் நிச்சயதார்த்தத்தில் மண்டபம் எது என்று இரு வீட்டாரும் இழுத்துக்கொண்டிருந்தபோது, பெரியம்மா மூலையிலிருந்து அதைச் சொன்னாள். சம்பந்தி வீட்டாருக்கு விளக்கம் தேவைப்பட்டது. என்னைத்தான் எழுப்பிச் சொல்ல வைத்தார்கள். கல்யாணம் நன்றாகவே நடந்தது.

வலப்பக்கம் குடம் உள்ள அச்சு ஒன்று போன வருடம் எனக்குக் கிடைத்தது. தலைகீழாக்க வேண்டாம், அப்படியே மாட்டிவிடலாம். ஜாகீர் அண்ணன் பட்டறையில் தார்ப்பாய் போட்டு மூடிவைத்திருக்கிறேன். ஒருநாள் திருச்சிக்கு வந்த பெரியப்பா தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தார்.

"இது சரியா வருமா?"

"வரும் பெரியப்பா."

"மாட்டினா வண்டி நல்லா ஓடுமா?"

"ஓடும்."

தார்ப்பாயை இழுத்துப் பழையபடி மூடினார். ஓரங்களில் செங்கல் வைத்தார். கையைத் தட்டிக்கொண்டே சொன்னார்:

"பல் டாக்டர் நேத்து போன் பண்ணாரு. சரியாயிடுச்சான்னு கேட்டாரு."

"என்ன சொன்னீங்க?"

"இன்னும் பின்னாடிதான் போகுதுன்னேன்."