பதினோரு நாடுகளுக்கு ஒரே பச்சை விளக்கு

மனித குலம் இதுவரை செய்துகொண்ட உடன்படிக்கைகளிலேயே மகத்தானது எது என்று என்னைக் கேட்டால், எந்தப் போர் நிறுத்தத்தையும் சொல்லமாட்டேன். பதினோரு நாடுகள் கூடி, தசமத்துக்குப் புள்ளி வைப்பதா காற்புள்ளி வைப்பதா என்று மூன்றாண்டுகள் மல்லுக்கட்டி, கடைசியில் 'இரண்டும் வேண்டாம், முழு எண்ணே போதும்' என்று கைகுலுக்கிக்கொண்ட நாளைத்தான் சொல்வேன். அந்த அறையில் நானும் இருந்தேன். தண்ணீர் பாட்டில்களுக்குப் பக்கத்தில் மூன்றாவது நாற்காலி.

அன்று பிறந்ததுதான் 'ஒருங்கிணைந்த டிஜிட்டல் படிவம்'. எல்லை தாண்டிக் கிளை பரப்பிய வங்கி எதுவானாலும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை இந்தப் படிவத்தில்தான் தன் உடல்நிலையைச் சொல்லவேண்டும். மொத்தம் ஆயிரத்து அறுநூற்று நாற்பது கட்டங்கள். எல்லாம் சரியென்றால், இந்த வங்கிகளைக் கண்காணிக்கும் எங்கள் அலுவலகத் திரையில் பச்சை விளக்கு, இல்லையென்றால் சிவப்பு. முன்பெல்லாம் அதிகாரிகள் வங்கிக்கு நேரில் போய், பேரேட்டைப் புரட்டி, மேனேஜரின் முகத்தைப் பார்த்து முடிவு செய்வார்களாம். கேட்கவே கூச்சமாக இருக்கிறது. முகத்துக்கு ஏது தரநிலை?

இந்தப் படிவத்தில் அடியேனின் பங்கு, விதி எண் பதினேழு. ஒருமுறை எங்கோ ஒரு குமாஸ்தா தூக்கக் கலக்கத்தில் ஒரு பூஜ்யத்தைக் கூடுதலாக அடித்துவிட, பதினோரு நாட்டு நிதியமைச்சர்களும் அரைநாள் பச்சைத் தண்ணீர் குடிக்காமல் கிடந்தார்கள். அதற்குப் பிறகு நான் எழுதினேன்: எந்த எண்ணும் சென்ற காலாண்டின் எண்ணிலிருந்து பத்து சதவீதத்துக்கு மேல் மாறினால், அது 'விரல் பிழை' எனக் கருதப்படும், படிவம் தானாகவே திரும்பிவிடும். எங்கள் தலைவர் அதைப் படித்துவிட்டுக் கண் கலங்கினார். இனிமேல் கெட்ட செய்தி என்ற ஒன்றே வராது என்றார். அவர் சொன்னது அப்படியே பலித்தது.

என் அக்காவுக்கு இந்த மகிமையெல்லாம் புரியாது. முப்பத்திரண்டு வருடம் ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் நின்றுகொண்டே வேலை பார்த்தவள். ஓய்வு பெறும்போது வந்த பணத்தை ஒரு காசு விடாமல், தன் இரண்டு முழங்கால்களின் ஆபரேஷனுக்கென்று, வீட்டுக்கு எதிரே இருந்த வெளிநாட்டு வங்கிக் கிளையில் போட்டிருந்தாள். ஆபரேஷனுக்கு வரிசைப்படி தேதி வர ஒன்றரை வருடமாகும். அதுவரை மூன்று மாடிப் படிகளையும் கைப்பிடியைப் பிடித்துப் பக்கவாட்டில் இறங்கிக்கொண்டிருந்தாள். நான் போன் செய்து முழங்கால் எப்படி என்று கேட்டால், பரவாயில்லை என்பாள். பிறகு அந்த பேங்க் நன்றாக இருக்கிறதா என்று கேட்பாள். நான் திரையைப் பார்ப்பேன். பச்சை. கல்லு மாதிரி இருக்கிறது என்பேன்.

அப்படியிருக்க, ஒரு காலாண்டின் கடைசி நாள், அதே வங்கியின் தலைமைக் கணக்கர் எல்லைக்கு அப்பாலிருந்து எங்கள் உதவி மையத்துக்கு போன் செய்தார். அன்று அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன். பதினான்கு முறை படிவத்தை அனுப்பியும் சிவப்பாகவே வருகிறது என்றார். பார்த்தேன். வாராக் கடன் கட்டத்தில்தான் கோளாறு.

"நூத்துக்கு எவ்வளவு போட்டிருக்கீங்க?"

"முப்பத்தொண்ணு, சார்."

"அதான். விரல் பிழை."

"பிழை இல்ல சார். எங்ககிட்ட கடன் வாங்கின மூணு பெரிய கம்பெனியும் இழுத்து மூடிட்டாங்க. நிஜமாவே முப்பத்தொண்ணுதான்."

நிஜத்துக்குப் படிவத்தில் தனிக் கட்டம் கிடையாது என்று பொறுமையாக விளக்கினேன். குறிப்பு எழுத இடம் உண்டா என்றார். மொழிபெயர்ப்புச் செலவு கருதி அதை இரண்டாம் பதிப்பிலேயே எடுத்துவிட்டோம் என்றேன். கடிதம் அனுப்பலாமா என்றார். தாராளமாக, ஏற்கப்பட்ட படிவத்துடன் இணைத்து அனுப்பலாம் என்றேன். நேரில் வரட்டுமா என்றார். பச்சை விளக்கு பெற்றவர்களுக்கு மட்டுமே அனுமதிச் சீட்டு. மணி நாலு நாற்பத்தெட்டு. ஐந்து மணிக்கு மேல் அபராதம். மனிதர் மூச்சு வாங்குவது எனக்குக் கேட்டது. எனக்கோ இளகிய மனசு.

"போன தடவை என்ன சொன்னீங்க?"

"நாலுன்னு சொன்னோம் சார்."

"அதையே போட்டுக்கோங்க."

இதை எழுத்தில் தருவீர்களா என்று கேட்டார். உரையாடல் 'தரம் கருதி' பதிவாகிறது, கவலை வேண்டாம் என்றேன். நாலு ஐம்பத்து மூன்றுக்குப் பச்சை எரிந்தது. அடுத்த மாதம் அந்த வங்கிக்கு 'முன்மாதிரி அறிக்கையாளர்' சான்றிதழ் கொடுத்தோம்.

சான்றிதழ் கொடுத்த வாரம், வழக்கத்துக்கு மாறாக அக்காவே போன் செய்தாள். கவுண்டரில் இருக்கும் பெண்ணுக்கு இரண்டு மாதமாகச் சம்பளம் வரவில்லையாம், அவள் அழுததைத் தன் கண்ணால் பார்த்தாளாம்.

"பணத்தை எடுத்துடட்டுமாடா?"

எனக்கு முப்பத்தொன்று ஞாபகம் வந்தது. ஆனால் ஏற்கப்படாத எண்ணைச் சொந்த அக்காவிடம்கூடச் சொல்வது ஒழுக்கமாகாது. அதுவுமில்லாமல், திரையில் பச்சை. சான்றிதழைப் பற்றிச் சொன்னேன். நீ சொன்னால் சரி என்று விட்டுவிட்டாள்.

ஐந்து மாதம் கழித்து, அக்காவின் ஆபரேஷனுக்குப் பதினோரு நாள் இருக்கும்போது, அவள் வீட்டுக்கு எதிரே இருந்த அந்த வங்கியின் ஷட்டர் இறங்கியது. பிறகு ஏறவில்லை. ஆபரேஷன் தேதியை ஆஸ்பத்திரி வேறு யாருக்கோ கொடுத்துவிட்டது.

விசாரணைக் குழு கூடியது. கணக்கர் தன் பதினான்கு சிவப்பு அறிக்கைகளையும் மேஜைமேல் அடுக்கினார். நிராகரிக்கப்பட்டது வந்ததாகாது, வராதது சொன்னதாகாது என்று குழு தெளிவுபடுத்தியது. வந்து சேர்ந்ததோ நாலு. அது பொய். ஆகவே குற்றவாளி அவரே. அவருடைய வக்கீல் என் குரல் பதிவைக் குழுவின் முன் ஒலிக்கவிட்டார். தரம் பிரமாதம், இரைச்சலே இல்லை. உதவி மையத்தின் வேலை உதவுவது, இவர் உதவியிருக்கிறார் என்று குழு எனக்குப் பாராட்டுத் தெரிவித்தது. கணக்கர் பதினோரு நாடுகளிலும் ஆயுள் முழுவதும் வேலை பார்க்க முடியாது. தண்டனையையும் தரப்படுத்திவிட்டோம். எனக்குப் பதவி உயர்வு வந்தது. மறுநாள் எல்லாப் பத்திரிகைகளும் அந்தப் பதிவிலிருந்த என் வாக்கியத்தைக் கொட்டை எழுத்தில் போட்டிருந்தன.

இந்த நல்ல சேதியைச் சொல்ல அக்காவுக்கு போன் செய்தேன். மூன்று மாதமாக அவள் எடுக்காத போனை அன்று எடுத்தாள். எப்படித் தொடங்குவதென்று தெரியாமல், வழக்கம்போலவே தொடங்கினேன்.

"முழங்கால் எப்படிக்கா இருக்கு?"

படியில் இருந்தாள்போல, மூச்சு வாங்கியது.

"போன தடவை என்ன சொன்னேன்?"

"பரவாயில்லன்னு சொன்னே."

"அதையே போட்டுக்கோ."

வைத்துவிட்டாள். சென்ற முறைக்கும் இந்த முறைக்கும் மாற்றம் ஏதுமில்லை. விதி எண் பதினேழின்படி இதில் பிழையும் இல்லை.