ஆறாவது குண்டூசி

மரியாதைக்குரிய பெரிய மச்சானுக்கு,

உங்கள் தங்கையைக் கட்டிக்கொண்ட தையல்காரன் வணக்கத்துடன் எழுதுவது. இவ்விடம் யாவரும் நலம் என்றுதான் முப்பத்திரண்டு வருடமாக உங்களுக்கு எழுதத் தொடங்குவேன். இந்த ஒரு கடிதத்துக்கு மட்டும் அந்த வரியை விட்டுவிடுகிறேன், மன்னிக்கவும். அங்கே அக்காவின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

போன மாதம் இங்கே வந்துவிட்டுப் புறப்படும்போது, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னீர்கள்: "மாப்ள, அவ எடை நாப்பதுக்குக் கீழ போச்சுன்னா வண்டியோட வந்து கூட்டிட்டுப் போயிடுவேன். எங்க வீட்ல உங்க அக்கா பார்த்துப்பா." நானும் தலையாட்டினேன். முப்பது வருடம் லாரி எடைமேடையில் உட்கார்ந்தவர் நீங்கள். எண்ணைத் தவிர எதையும் நம்பமாட்டீர்கள். ஆகவே எண்ணை முதலில் சொல்லிவிடுகிறேன். நேற்று ஆஸ்பத்திரியில் முப்பத்தொன்பது கிலோ அறுநூறு கிராம். அதுவும் செருப்போடு.

இது எப்படி நடந்தது என்றால், நாலு மாதம் முன்பு ஆபரேஷனில் இரைப்பையில் பாதியை எடுத்த பிறகு பெரிய தட்டைப் பார்த்தாலே அவளுக்குப் பயம் வருகிறது என்று நர்ஸம்மா கண்டுபிடித்தார். "ராத்திரி சாப்பாட்டுக்கு ஒரே வாய்க்குப் போற மாதிரி, பார்க்க அழகா, குட்டி சாண்ட்விச் செஞ்சு வைங்க" என்றார். சின்னதாக, அளவாக, பார்க்க அழகாக. நம் தொழிலே அதுதானே என்று மார்தட்டிக்கொண்டு இறங்கினேன். முதல் நாள் அளவு நாடா வைத்து ஒன்றேகால் அங்குலச் சதுரம். வெள்ளை ரொட்டியில் வெள்ளைச் சாக்கட்டி தெரியாதே என்று நீலச் சாக்கட்டியால் கோடு போட்டு வெட்டினேன். "என்னங்க, பூஞ்சை புடிச்சிருக்கு" என்று தட்டைத் தள்ளிவிட்டாள். இரண்டாம் நாள் துணி ஓரத்தைப் பல்பல்லாக வெட்டும் கத்தரிக்கோலால் வெட்டினேன். பார்க்கப் பிரமாதம், வாயருகே கொண்டுபோனால் தையல் மெஷின் எண்ணெய் வாசனை. மூன்றாம் நாள், பிரிந்து பிரிந்து வருகிறதே என்று இஸ்திரிப் பெட்டியால் லேசாக ஒரு அழுத்து அழுத்தினேன். "புதுச் சட்டை வாசனை அடிக்குதுங்க" என்றாள். பாவம், அவள் குறை சொல்லவில்லை, அவளால் முடியவில்லை. போனபடியே திரும்பி வரும் தட்டைக் குப்பையில் கொட்ட எனக்கு மனசு வராது. சமையலறையில் நின்றபடி நானே தின்றுவிடுவேன். இந்த நாலு மாதத்தில் எனக்கு மூன்று கிலோ ஏறியிருக்கிறது மச்சான். உங்கள் எடைமேடையில் எங்கள் இரண்டு பேரையும் சேர்த்து ஏற்றினால் ஒரு குறையும் தெரியாது.

நேற்று மாலை பாட்டில் மூடியை அச்சாக வைத்து வட்டமாக வெட்டினேன். வெண்ணெய், வெள்ளரி, அவித்த முட்டை, மேலே இன்னொரு வட்டம். வெள்ளரி வழுக்கிக்கொண்டே இருந்தது. இரண்டு துணி நழுவினால் என் கை தானாகக் குண்டூசிக்குப் போகும். முப்பத்தெட்டு வருடப் பழக்கம், புத்தியைக் கேட்டா செய்யும்? ஆறு சாண்ட்விச், கலர்த் தலை வைத்த குண்டூசி ஆறு. "பரவாயில்லையே, தொப்பி போட்ட மாதிரி இருக்கு" என்று சொல்லி ஒன்றை எடுத்து முழுசாகத் தின்றாள். அழுகையை மறைக்க நான் தண்ணீர் எடுக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் தட்டில் சாண்ட்விச் ஐந்து, ஊசியும் ஐந்து. எனக்கு உயிரே போய்விட்டது. "ஊசி எங்கே?" என்றால், "எதுல ஊசி?" என்கிறாள். வாடகைக் காரில் போட்டு, "எச்சில்கூட முழுங்காதே" என்று வழியெல்லாம் கத்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். இரண்டு மணி நேரம் மர பெஞ்சில் உட்காரவைத்து எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். டாக்டர் படத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "ஐயா, உங்க காலர்ல என்ன?" பச்சைத் தலைக் குண்டூசி. ஐந்தைச் செருகியவன் ஆறாவதை வழக்கம்போல் காலரில் குத்திக்கொண்டிருக்கிறேன். வந்ததுதான் வந்தீர்கள் என்று எடையும் பார்த்தார்கள்.

வரும் வழியில் அவள் கண்ணை மூடியே இருந்தாள். நாலு மாதம் கழித்து ஒரு வாய் தின்றவளை அப்படி அலைக்கழித்தவன் நான். என்னால் முடியவில்லை மச்சான். ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வந்து அழைத்துப் போங்கள்.

ஒரு ரகசியம், அக்காவிடம் மட்டும் சொல்லுங்கள். மத்தியானம் அவள் தூங்கும்போது அவள் சட்டைகளை எடுத்து இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துவிடுவேன். தொளதொளவென்று தொங்கினால் தான் கரைவது அவளுக்குத் தெரிந்துவிடுமே. அங்கே அதைச் செய்ய ஆள் இல்லை. ஆகவே ஒரே துணியில், ஒரே பொத்தானில் நாலு சட்டை தைத்துப் பெட்டியில் வைத்திருக்கிறேன். ஒன்று, இரண்டு என்று கழுத்தோரத்தின் உள்ளே நம்பர் இருக்கிறது. ஒன்றைவிட இரண்டு சிறிது. அவள் இளைக்க இளைக்க மாற்றிக் கொடுக்கவும். ஐந்தாவது தைக்க எனக்குக் கை வரவில்லை.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசி.

இப்படிக்கு,
உங்கள் தங்கை கணவன்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் பசை தேடிப் போய்வருவதற்குள் உங்கள் தங்கை மேலே உள்ளதை முழுக்கப் படித்துவிட்டாள். "சட்டை சமாசாரம் மூணு மாசமாத் தெரியும். தையல்காரர் பொண்டாட்டிக்குத் தையல் தெரியாதா?" என்றாள். பெட்டியைத் திறந்து நாலாம் நம்பரை எடுத்து, உள்பக்கம் திருப்பி, ஓரத்தை விரலால் தடவினாள். அங்கே நான் துணியை வெட்டவில்லை, மச்சான். நாலு சட்டையிலும் வெட்டவில்லை. மிச்சத்தை மடித்து உள்ளேயே விட்டிருந்தேன்.

"பிரிச்சா மறுபடி பெருசாகும், இல்லங்க?" என்றாள். ஆகும் என்றேன்.

"அண்ணன வர வேணாம்னு எழுதுங்க. ஒண்ணாம் நம்பரையே பிரிக்க வைக்க எத்தன சாண்ட்விச் ஆகும்னு பார்த்துடலாம். ஆனா எதிர்ல நின்னு என் வாயையே பார்க்கக் கூடாது. உட்கார்ந்து கூடச் சாப்பிடுங்க."

ஆகவே வண்டி வேண்டாம். எடை இன்னும் அதே முப்பத்தொன்பது அறுநூறுதான், உங்களிடம் மறைக்கவில்லை. இன்று மாலை இரண்டரை தின்றாள். மூன்றாவதன் பாதியை என் கையில் கொடுத்தாள். பிறகு என் காலரைத் தடவிப் பார்த்துவிட்டு, குண்டூசி ஆறையும் அவளே எண்ணி டப்பாவில் போட்டு மூடினாள்.