தளவாடமாகப் போன தட்சணாமூர்த்தி

மரக்காணம் உப்பளங்களுக்கு அப்பால், கடலை ஒட்டி, உத்தியோகஸ்தர்களின் களைப்பைப் போக்கும் பொருட்டு ஓர் ஓய்வு விடுதி கட்டப்பட்டது. களைப்பு எதனால் வந்தது என்று யாரும் விசாரிக்கவில்லை. குயிலாப்பாளையம் பக்கம் வெள்ளைக்காரர்கள் கீற்றுக் கொட்டகை போட்டுக்கொண்டு வெயிலில் கிடக்க ஆரம்பித்ததிலிருந்து, வானூரில் எங்கள் தெருவுக்கும் வெயில்மேல் திடீர் மரியாதை வந்திருந்தது. மரக்காணம் போய் வராத குடும்பத்தைத் துக்கம் நடந்த வீடு மாதிரி பார்த்தார்கள்.

பக்கத்து வீட்டு ஞானாம்பாள் மாசி மாதம் கணவரோடு போனாள். மறுநாளே தனியாகத் திரும்பினாள். அவருக்குக் கடல்காற்று ஒத்துக்கொண்டதாம், இன்னும் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருவாராம். அதற்குப் பிறகு அவள் முகத்தில் அப்படி ஒரு தெளிவு. மத்தியானம் தூங்கினாள். பங்குனி பிறந்ததும் தினமும் காலையில் எங்கோ பளிச்சென்று கிளம்பிப் போக ஆரம்பித்தாள். என்னடி விசேஷம் என்றால், "போய்ப் பாருங்க, மாமி. சொன்னா புரியாது" என்பதோடு சரி.

எனக்கு வயிறு எரிந்தது. விடுமுறையைப் பற்றிக் கான்வென்டில் இங்கிலீஷில் கட்டுரை எழுதிப் பரிசு வாங்கினவள் நான், போனதுதான் கிடையாது. கல்யாணமான நாளாக நான் கேட்டதெல்லாம் ஒன்றுதான். இரண்டே நாள், வேறு யாராவது காபி போட்டு என் கையில் கொடுக்க வேண்டும்.

சித்திரையில் அறை கிடைத்தது. கணவர் பெயரைச் சொல்லக் கூடாது என்பார்கள். கான்வென்டில் அந்தப் பாடம் கிடையாது. தட்சணாமூர்த்தி. வானூரில் ஓர் ஆபீசில் அதிகாரி. புதிதாகத் தைத்த பெல்பாட்டத்தோடு கிளம்பினார். இரண்டு பஸ் மாறி, உப்பளத்து ஓரத்தில் இறங்கினோம்.

விடுதிக்குப் பாதை இல்லை. மறந்துவிட்டார்கள் என்று சொல்லக் கூடாது. பாதை இரண்டாம் கட்டப் பணி. அதுவரை உப்பளத்துக்குள் புகுந்துதான் போக வேண்டும். உப்பளமோ வேறோர் அலுவலகத்தின் பொறுப்பு. பெயரைச் சொன்னால் எனக்கு வம்பு. அதன் கேட்டில் ராஜாங்கம் என்ற குமாஸ்தா உட்கார்ந்திருந்தார்.

"உள்ள போறதுக்கு ரெண்டே வகைதாங்க. ஆளு, இல்லேன்னா தளவாடம்."

"நாங்க விடுதிக்குப் போறோம். ஹாலிடே."

"அப்படி ஒரு வகை இல்லீங்க."

"நான் யார் தெரியுமா? கெஜட்டட் ஆபீசர்."

"அதுவும் இல்லீங்க."

ஆள் என்றால் உப்பு வாருகிற கூலியாள் என்று தெரிந்ததும் என் கணவருக்கு மீசை துடித்தது. அப்படியானால் தளவாடம் என்பது என்ன?

"அரசாங்கச் சொத்துங்க. வெளியாளு யாரும் கைவைக்க முடியாது."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. இருபது வருஷ சர்வீஸில் அவரை இவ்வளவு சரியாக யாரும் புரிந்துகொண்டதில்லை. பதிவேட்டில், உப்பு வாருகிற இரண்டு பலகைக்கும் ஒரு கூடைக்கும் நடுவில் அவரைப் பதிந்து, பெல்பாட்டத்தில் சாக்பீசால் நம்பர் போட்டார்கள். நான் ஆள்.

அவர் கம்பீரமாக இரண்டடி வைத்ததும் ராஜாங்கம் கூப்பிட்டார். தளவாடம் தானாக நடக்கக் கூடாது, ஆள்தான் கொண்டுபோக வேண்டும் என்றார். சித்திரை வெயிலில், உப்பு மூட்டை ஏற்றும் கைவண்டியில் கணவரை உட்காரவைத்து, வரப்பு வரப்பாகத் தள்ளினேன். மடியில் சூட்கேஸ், கையில் குடை. பள்ளம் வரும்போது மட்டும் அவரிடமிருந்து ஓர் உத்தரவு. பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த அஞ்சம்மாள் என்ற கூலிக்காரி நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏம்மா, இந்த மூட்டைய எங்க எறக்கப் போற?"

விடுதி வராந்தா நிறைய ஆண்கள். அத்தனை பேர் மேலும் நம்பர். சாய்வு நாற்காலியில் ஞானாம்பாளின் கணவர், தாடியோடு. என்னைக் கண்டதும் எல்லோரும் எழுந்து நின்றார்கள். மரியாதையாக்கும் என்று நினைத்தேன்.

"சமையல்காரர் எங்கேப்பா?" என்று வாட்ச்மேன் பக்கிரியைக் கேட்டேன். அவன் தூரத்துப் பாத்தியைக் காட்டினான்.

"அவரு தெனமும் ஆளாதான் உள்ள வர்றாரும்மா. ஆளுன்னா உப்பு வாரணுமில்ல? வாரிக்கிட்டிருக்காரு. இங்க அய்யாமாருங்களே கமிட்டி போட்டுக் கஞ்சி காய்ச்சிக்கிறாங்க. நேத்து அடி புடிச்சிடுச்சி, அதுக்கு ஒரு உபகமிட்டி போட்டிருக்காங்க."

இவர்கள் ஏன் ஊர் திரும்பவில்லை என்றேன். ஆள் என்றால் ஒரு நாள் உப்பு வாரிவிட்டு வெளியே போகலாமாம். கூட வந்த மனைவிமார் எல்லாம் அப்படித்தான் போனார்களாம். தளவாடம் வெளியே போவதென்றால், இனி உபயோகமில்லை என்று சர்டிபிகேட் வேண்டும். சம்பந்தப்பட்டவர் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். இதுவரை ஒருவரும் போடவில்லை. சர்டிபிகேட் கொடுக்க மூன்று அதிகாரிகள் வந்தார்கள். கேட்டில் அவர்களும் தளவாடம் என்றே பதிந்துகொண்டார்கள். கூடத்தில் கேரம் ஆடிக்கொண்டிருந்தார்கள். விடுதி வருஷம் பூராவும் நிரம்பியிருக்கிறது, வந்தவர்களுக்குத் திரும்ப மனமில்லை என்று மேலிடத்துக்கு அறிக்கை போயிருக்கிறதாம்.

ஞானாம்பாளின் மத்தியானத் தூக்கம் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

என் கணவர் நிலைமையை நன்றாக ஆலோசித்தார். "சரி. நீ முதல்ல எல்லாருக்கும் ஒரு காபி போடு. அப்புறம் பார்த்துக்கலாம்."

அடுப்பைப் பார்த்தேன். எதிரே தகதகக்கிற உப்பைப் பார்த்தேன். பலகையைக் கையில் எடுத்துக்கொண்டேன். அஞ்சம்மாள் பக்கத்தில் நின்று, இப்படி இழுக்கணும், அப்படி இழுக்கணும் என்று சிரித்துக்கொண்டே சொல்ல, பொழுது சாயும்வரை வாரினேன். உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. ஆனால் விடுதிப் பக்கத்திலிருந்து எத்தனையோ குரல் வந்தும் ஒரு டம்ளர் காபிகூடப் போடவில்லை.

கிளம்பும்போது கடைசியாகச் சொல்லிப் பார்த்தேன். "உபயோகமில்லேன்னு ஒரு கையெழுத்துப் போட்டுட்டு வாங்க. சாட்சிக் கையெழுத்து நான் போடுறேன்."

"அப்புறம் என் சர்வீஸ் என்ன ஆவுறது?" என்றார். வண்டியில் இருந்த சூட்கேஸை மட்டும் இறக்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தவள் படுத்துத் தூங்கினேன். திங்கட்கிழமை அவர் ஆபீஸ் ஹெட்கிளார்க் சக்கரபாணி வந்து நின்றார். அய்யா எங்கே என்பார், என்ன சொல்லலாம் என்று யோசித்தேன். அதை அவர் கேட்கவே இல்லை.

"சீட்டு காலியா இருக்கப்படாதும்மா. மனைவின்னா பாதி உடம்பும்பாங்க. எங்க ஆபீசுக்குப் பாதியே ஜாஸ்தி. ஞானாம்பாள் அம்மா பங்குனியிலேருந்து மாடி ஆபீசுல அவங்க வீட்டுக்காரர் சீட்டுலதான் இருக்காங்க."

போனேன். எனக்குப் பொறுமை கிடையாது. இந்த ஆபீசை ஒரே நாளில் ஒழுங்குபண்ணிவிடுவது என்ற வைராக்கியத்தோடுதான் நாற்காலியில் உட்கார்ந்தேன். கிணற்றுக் கடனுக்காக அப்பாதுரை என்ற விவசாயி காலையிலிருந்து நின்றுகொண்டிருந்தார். பயிர் காய்கிறதாம். ஒரே ஒரு கையெழுத்துதான் பாக்கி. பேனாவைத் திறந்தேன்.

அந்த நேரம் பியூன் காபி கொண்டுவந்து வைத்தான். டிக்காஷன் திக்காக, நுரையோடு, நான் போடாத காபி. முதல் வாயிலேயே கண் மூடிக்கொண்டது. இதை அவசரமாகக் குடிப்பது பாவம். பேனாவை மூடினேன்.

"நாளைக்கு வாங்க" என்றேன்.