மூன்று கொண்டெய்னர்கள் விழுந்த காலை

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. என்ன வேலை என்று வீட்டில் கேட்டால், "சொன்னாலும் உங்களுக்கு விளங்காது" என்பார்கள். உண்மையில் அவர்களுக்கே அது பாதிதான் விளங்கியிருக்கும். எனக்குக் கால்வாசி.

கொழும்பில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில் நான் சேர்ந்து சில மாதங்கள்கூட ஆகவில்லை, நோய்த்தொற்று வந்து எல்லாரையும் வீட்டுக்குத் துரத்தியது. நான் கடலோரத்திலிருக்கும் எங்கள் ஊரான கரம்பொனுக்கு வந்து சேர்ந்தேன். விறாந்தை யன்னலோரம் இருந்த அம்மாவின் தையல் மேசை என் அலுவலகமானது (கைபேசிக்குச் சிக்னல் எட்டும் ஒரே இடம் அதுதான். அம்மா தன் மெசினைக் குசினிப் பக்கம் இழுத்துக்கொண்டு போனார், வாய் ஓயாமல் திட்டியபடி). இப்போது எனக்குக் கொழும்பில் குளிரூட்டிய அறையும் சுழலும் கதிரையும் உண்டு. ஆனாலும் மதியச் சோறு மேசைக்கே வந்த அலுவலகம் அது ஒன்றுதான்.

எனக்குத் தந்த வேலை இது. மீன் ஏற்றுமதி செய்யும் ஒரு கொம்பனிக்குப் பல வருடக் கொள்முதல் விபரங்கள் இருந்தன. 'மழைக்காலத்தில் எந்த இறங்குதுறையிலிருந்து நண்டு கூடுதலாக வந்தது?' என்று கேட்டால் கண் இமைக்குமுன் பதில் சொல்லும் ஒரு தரவுத்தளத்தை அவர்களுக்கு நிறுவ வேண்டும். அதை ஓடவிட எங்களிடம் இயந்திரம் கிடையாது. சிங்கப்பூரில் ஒரு பெரிய நிறுவனத்தின் கணினிகளில் மூன்றை வாடகைக்கு எடுத்து, ஒன்றாகப் பிணைத்து, அவற்றின் மேல் தரவுத்தளத்தின் மூன்று பிரதிகளை வைக்க வேண்டும். கூட்டாகப் பிணைத்த கணினிகளுக்குக் கிளஸ்டர் என்று பெயர். ஒவ்வொரு பிரதியும் தனக்கு வேண்டிய எல்லாவற்றோடும் ஒரு பொதியாகக் கட்டப்பட்டிருக்கும். அந்தப் பொதிக்குத்தான், யார் புண்ணியத்திலோ, கொண்டெய்னர் என்று பெயர்.

நாள் முழுக்க நான் தொலைபேசியில் "கொண்டெய்னர் ஏறேல்லை", "கொண்டெய்னர் இறங்கீட்டுது" என்று கத்தினால் வீட்டார் என்ன நினைப்பார்கள்? அம்மாவின் அண்ணன் அருளப்பு மாமா, இரண்டு வீடு தள்ளி இருந்தவர், கடலுக்குப் போய் வந்ததும் எங்கள் வீட்டில் தேநீர் குடிப்பவர், ஒருநாள் மெதுவாக என்னிடம் வந்தார்.

"பிள்ளை, உம்மடை கொண்டெய்னர் சிங்கப்பூரிலையிருந்தோ வருது?"

"ஓம் மாமா."

"அதுக்குள்ளை ஒரு எஞ்சின் வைக்க இடம் கிடக்குமோ? சின்ன எஞ்சின்தான். என்ரை மீன்பிடி போட்டுக்கு."

விளக்கியிருக்கலாம். ஆனால் நான் படித்த பெண்ணல்லவா! "பாப்பம் மாமா" என்று சொல்லிவிட்டுத் திரையைப் பார்த்தேன். மாமா அதை வாக்குறுதியாக எடுத்துக்கொண்டு போனார்.

கொம்பனிக்காரர்களுக்கு வேலையைக் காட்டும் நாள் வந்தது. எனக்கு அப்போது தகுதிகாண் காலம். அன்று சொதப்பினால் தையல் மேசை மறுபடியும் தையல் மேசையாகிவிடும். காலையில் காணொளி அழைப்பு. என் மேலாளர் திலீப் அண்ணை தன் வீட்டிலிருந்தார். கொம்பனி முதலாளி காரில் போய்க்கொண்டே குரல் மட்டும் கேட்கும்படி இணைந்தார். கேட்ட கேள்விக்கெல்லாம் தரவுத்தளம் கிளிபோல் பதில் சொன்னது. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"சேர், இதிலை ஒரு விசேஷம் இருக்கு. ஒரு கணினி செத்தாலும் மற்றது ரெண்டும் சமாளிக்கும். இப்ப நானே ஒண்டை நிப்பாட்டிக் காட்டுறன்" என்றேன்.

"அது தேவையில்லை" என்று திலீப் அண்ணை அவசரமாகச் சொன்னார். அதற்குள் நான் நிறுத்திவிட்டேன்.

ஒவ்வொரு பிரதியும் ஓடுகிறது என்று காட்ட என் திரையில் ஒரு பச்சை விளக்கு எரியும். ஒரு பிரதிக்கு அது அணைந்தது. இரண்டாவதற்கும் அணைந்தது. மூன்றாவதற்கும். மூன்று பிரதிகளையும் மூன்று கணினிகளில் பிரித்து வை என்று கிளஸ்டருக்கு நான் சொல்லவே இல்லை. அது தன் வசதிக்கு மூன்றையும் ஒரே கணினியில் ஏற்றியிருந்தது. நான் தேடிப்பிடித்து நிறுத்தியதும் அதே கணினியைத்தான். போதாததற்கு, தரவையும் வெளியே தனியாகச் சேமிக்காமல் அதற்குள்ளேயே வைத்திருந்தேன், அதுவும் போய்விட்டது.

அந்த நேரம் பார்த்து, இடுப்பில் ஈரச் சாரத்தோடு, கையில் ஒரு கோர்வை மீனோடு, மாமா விறாந்தைக்குள் வந்தார்.

"என்ன பிள்ளை, முகம் செத்துப்போச்சு? கொண்டெய்னர் வந்திட்டுதோ?"

என் ஒலிவாங்கி திறந்திருந்தது என்பது எனக்கு நினைவில்லை. "மூண்டும் விழுந்திட்டுது மாமா" என்றேன், அழுகை முட்ட.

"எட கடவுளே! கடலுக்கையோ?" கப்பலிலிருந்து கடலுக்குள் விழுந்துவிட்டனவோ என்று அவர் பதறினார்.

அதற்கு நான் சொன்ன பதிலை இன்றுவரை என்னால் மன்னிக்க ஏலாது. "நான்தான் மாமா விழுத்தினனான்."

"ஆக்களுக்கு ஒண்டும் இல்லையே?" என்று மாமா மீனைக் கீழே வைத்தார்.

காரிலிருந்து முதலாளியின் குரல் கிழிந்து வந்தது. "ஹலோ! எந்த கொண்டெய்னர்? எங்கட கொண்டெய்னரா? யாரு அது பேசுறது?" பிறகு அழைப்பிலிருந்து மறைந்துபோனார்.

அன்று காலை அவருடைய மூன்று கொண்டெய்னர் நண்டு துறைமுகத்தில் கப்பலுக்கு ஏறிக்கொண்டிருந்தது. நிஜக் கொண்டெய்னர். நிஜ நண்டு. அவர் துறைமுகத்துக்குத் தொலைபேசி எடுத்து ஏற்றுவதை நிறுத்தச் சொல்லியிருக்கிறார். அங்கிருந்தவர்கள் கடலை எட்டிப் பார்த்திருக்கிறார்கள். ஒருவர் படகு ஒன்றைக்கூட ஆயத்தமாக்கினாராம் (இது திலீப் அண்ணை பிறகு சேர்த்த கதையாகவும் இருக்கலாம்).

முதலாளி திரும்ப இணைந்தபோது காரை ஓரமாக நிறுத்திக் கமெராவைத் திறந்திருந்தார். முகம் வேர்த்திருந்தது. திலீப் அண்ணை நடந்ததை விளக்கினார். முதலாளி முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு கேட்டார்:

"அந்த மாமா இருக்காரா?"

நான் மடிக்கணினியை மாமா பக்கம் திருப்பினேன். மாமா சாரத்தைச் சரிசெய்துகொண்டு, "வணக்கம் சேர்" என்றார்.

"கையில என்ன மீன்?"

"விளைமீன் சேர். இப்பதான் கரைக்கு வந்தனான்."

அவ்வளவுதான். இருவரும் மீன் பேசத் தொடங்கினார்கள். விளைமீன் எந்தக் காற்றில் வலையில் படும், நண்டு வலை ஏன் கிழிகிறது, ஐஸ் ஏன் நேரத்துக்கு வருவதில்லை. முதலாளியின் தகப்பனாரும் மன்னாரில் கடலுக்குப் போனவராம். அவர்கள் பேசப் பேச, திலீப் அண்ணை அந்தப் பக்கத்தில் கிளஸ்டரைப் புதிதாக எழுப்பி, மூன்று பிரதிகளையும் மூன்று கணினிகளில் பிரித்துவைத்து, கொம்பனி முதலில் அனுப்பியிருந்த விபரங்களை மறுபடி ஏற்றினார். எனக்குக் குறுஞ்செய்தியில் ஒரே வரி அனுப்பினார்: "மாமா பேச்சை நிப்பாட்ட விடாதையும்."

பச்சை விளக்குகள் மூன்றும் எரிந்தன. இம்முறை முதலாளியே ஒரு கணினியை நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன். ஒரு விளக்கு அணைந்து, மற்ற இரண்டும் நின்றன. மழைக்கால நண்டுக் கேள்விக்கும் பதில் வந்தது. வேலை எங்களுக்குக் கிடைத்தது. எனக்கு நிரந்தர நியமனமும் கிடைத்தது, "ஒலிவாங்கியை மூடப் பழகவும்" என்ற குறிப்போடு.

அழைப்பு முடிந்ததும் மாமா கேட்டார், "அப்ப என்ரை எஞ்சின்?"

அன்றுதான் அவருக்கு உட்கார்ந்து எல்லாவற்றையும் விளக்கினேன். அம்மா விளைமீனைப் பொரித்துக்கொண்டு வந்து வைத்தார். மூவரும் தையல் மேசையிலேயே சாப்பிட்டோம். மாமா கடைசிவரை கேட்டுவிட்டு, "அப்ப பெட்டியே இல்லாத கொண்டெய்னர்" என்று பெருமூச்சு விட்டார்.

அதற்குப் பிறகு என் பெயர் வீட்டில் அடிபடும்போதெல்லாம் யாராவது ஒருவர் "கடலுக்கையோ?" என்பார்கள். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களுக்கு, அம்மா வாய் திறக்குமுன், மாமா இந்தக் கதையைச் சொல்லி முடித்திருந்தார் (அவர்கள் சம்மதித்தார்கள் என்பதில் எனக்கு இன்னமும் ஆச்சரியம்).

மாமா இப்போது பாரிசில் மகளோடு இருக்கிறார். ஞாயிறுதோறும் அழைப்பார். அவருடைய பேத்திக்கு மூன்று வயது, தமிழ் அரைகுறை. திரையில் என் முகம் தெரிந்ததும் இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டு, "மாமி, கடலுக்கையோ?" என்று கேட்பாள். தமிழில் சுகம் விசாரிப்பது அப்படித்தான் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். யாரும் திருத்தவில்லை. நானும் "ஓம் செல்லம், சுகம்" என்றுதான் சொல்கிறேன்.