கறுத்த ஒயில்

"டமார்!"

கோழிகள் கூரையில் ஏறின. தவராசா உழவு மிசினிலிருந்து குதித்தான்.

நெடுங்கேணியில் புழுதி விதைப்புக் காலம். மழைக்கு முன் உழாவிட்டால் மிசின் சேற்றில் புதையும். இந்தப் போகம் அவ்வளவுதான். பழைய மிசின், அவன் கைக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

பக்கத்து வளவு அப்புத்துரை வேலியில் கை ஊன்றி எட்டிப் பார்த்தார். ஊன்றிய கட்டை கறையான் மண்ணாய் உதிர்ந்தது.

"தம்பி, எஞ்சின் ஒயில் எப்ப மாத்தினனீர்?"

"வருசத்துக்கு ஒருக்கா மாத்தினால் காணுமெண்டு வித்தவர் சொன்னவர், அண்ணை."

"வருசமோ! கறுத்தால் உடனை மாத்த வேணும்."

திறந்து பார்த்தான். கறுப்புத்தான். மாற்றினான். பழையதை அப்புத்துரையே வாளியில் ஏந்தினார்.

"கிணத்தடியில ஊத்தாதேயும். நானே தூரக் கொண்டுபோய்க் கொட்டிறன்."

"தங்கமான மனிசன்!" என்றான் தவராசா மனைவி விமலேஸ்வரியிடம்.

மறுநாள், "டமார்!"

பின்வளவு கதிர்காமநாதன் ஓடி வந்தார்.

"கறிச்சட்டியை ஒருக்கா அலம்பினால் எண்ணெய்ப் பிசுக்குப் போகுமோ? இன்னொருக்கா மாத்தும்!"

இருந்த கடைசித் தகர ஒயிலும் போனது. வடித்ததை அவர் ஒரு துளி சிந்தாமல் தூக்கிப் போனார்.

"டமார்!"

மூன்றாம் நாள். கிழக்கே வானம் இருண்டது. பதறிய தவராசா, யாரையும் கேளாமலே மூன்றாம் முறையும் ஒயிலை வெறுந்தகரத்தில் வடித்தான். வடித்த பிறகுதான் நினைவு வந்தது: புது ஒயிலுக்கு வவுனியா போக வேண்டும்.

விமலேஸ்வரி குசினியிலிருந்து வந்தாள்.

"இஞ்சேருங்கோ, சத்தம் புகைக்குழாயாலயெல்லோ வருது? பாருங்கோ, இந்த ஆணி கழண்டு ஆடுது."

அவளே முறுக்கினாள்.

"இப்ப ஸ்ராட் பண்ணுங்கோ."

"எப்பிடி? உள்ளுக்கு ஒரு சொட்டு ஒயில் இல்லை!"

"வடிச்சதைத் திருப்பி ஊத்துங்கோ. நேற்று விட்டதுதானே?"

"கறுத்தெல்லோ போச்சு!"

"நீங்களும் வெயிலுக்க நிண்டு கறுத்துத்தான் போனியள். உங்களை மாத்தினனானோ?"

அவள் தகரத்தைத் தூக்கினாள். அப்போது முன்வீட்டு இரஞ்சிதம் வாளியும் தும்புக்கட்டையுமாகப் படலையைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தாள்.

"ஐயோ அக்கா, ஊத்திப் போடாதேங்கோ! அப்புத்துரையண்ணையும் கதிர்காமநாதண்ணையும் வேலிக்கட்டையளுக்குப் பூசி முடிச்சிட்டினம். கறையான் முழுக்க எங்கட வேலிக்கு வந்திட்டுது, இந்தமுறை ஒயில் எனக்கெண்டுதானே பேசினவை!"